சித்திரித்தல்

தாமிரபரணிக் கரையில் இருந்த மடத்துக்கு உலகம்மை தலைவியாக இருந்தார். சீடர் மருதவாணர் அவரைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கு வருமுன் ஊர் ஊராகப் போய் உருவப்படம் வரைந்து பிழைத்தவர்.

ஒருநாள் காலை அவர் கேட்டார். “அம்மா, ஒருவர் முகத்தை வரைந்தால் சித்திரித்தல் என்கிறோம். ஒருவரைப் பற்றிப் பேசினாலும், ‘இப்படிச் சித்திரித்தார்’ என்கிறோம். கை செய்வது ஒன்று, நாக்கு செய்வது வேறு. இரண்டுக்கும் ஏன் ஒரே சொல்?”

உலகம்மை வேறொன்றைக் கேட்டார்.

“பந்தியில் சாம்பார் பரிமாறும் மாசானத்தைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது. நீங்களும் பந்தியில்தானே நிற்கிறீர்கள். ஆள் எப்படி?”

“முரடர். சாம்பாரை இலையில் வீசுகிறார். சாப்பிட வந்தவர்களைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார். இங்கே வருகிறவர்களை அவருக்குப் பிடிக்கவில்லை.”

“அனுப்பிவிடலாமா?”

“அனுப்பிவிடலாம்.”

“சரி, சாயங்காலம் சொல்லிவிடுகிறேன். அதற்குள் அவரை ஒரு படம் வரைந்து கொடுங்கள். இத்தனை நாள் நம்மோடு இருந்தவர்.”

மருதவாணருக்கு அது சின்ன வேலை. தாளும் கரிக்குச்சியும் எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்த் தூண் ஓரமாக உட்கார்ந்தார். புருவச் சுளிப்பிலிருந்து தொடங்கினார். அவர் மனதில் இருந்த மாசானம் அதுதான்.

நிமிர்ந்து பார்த்தபோது சுளிப்பு இல்லை. அழித்தார். மறுபடி பார்த்தால் இருந்தது. அப்போது மாசானம் அகப்பையை வாளியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார். அகப்பை இறங்கியதும் நெற்றி தெளிந்துவிட்டது. அடுத்த இலையில் இருந்தவர் சாம்பார் வேண்டாம் என்று கைகாட்டினார். மாசானம் கையைத் தூக்கவில்லை. முகமும் சுளிக்கவில்லை.

பந்தி முடிந்ததும் மருதவாணர் அவரிடம் போனார்.

“தோள்ல என்ன?”

மாசானம் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். “பொங்கலுக்கு முந்தி வழுக்கி விழுந்தேன் சாமி. கையைத் தூக்குனா உயிரு போகுது. மெதுவா ஊத்த முடியல. வெளிய சொல்லிராதீய. இந்த வேலையும் போயிரும்.”

மருதவாணர் அரைகுறைப் படத்தோடு உலகம்மையிடம் வந்தார். கேட்டதைச் சொன்னார்.

“அவரை அனுப்ப வேண்டாம் அம்மா. நாளையிலிருந்து சாம்பார் நான் ஊற்றுகிறேன். அவர் இலை போடட்டும்.”

“ஆகட்டும்” என்ற உலகம்மை படத்தை வாங்கிப் பார்த்தார். “நெற்றியில் நிறைய அழித்திருக்கிறீர்களே?”

“ஒவ்வொரு கோட்டுக்கும் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கப் பார்க்க, போட்ட கோடு தப்பாகிவிட்டது.”

“காலையில் என்னிடம் அவரைச் சித்திரித்தீர்களே, அப்போது எதைப் பார்த்தீர்கள்?”

மருதவாணர் படத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் மாசானத்தைப் பார்க்கப் போனார்.