சுந்தரபாண்டியின் வெள்ளைப் பை

நாணல்குளத்தின் கரையில் சிலம்பாயி என்ற காட்டுப்பன்றியும் சுந்தரபாண்டி என்ற மரநாயும் ஆளுக்கொரு பாய்லர் வைத்துக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள்.

காட்டில் பாய்லருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பச்சைக் கிழங்கைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்ட மிருகங்களை நீங்கள் பார்த்ததில்லை, அதனால் கேட்கிறீர்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பெரிய அடுப்பு, அதன்மேல் மூடி போட்ட கொப்பரை, பின்னால் ஒரு புகைபோக்கி. கொப்பரையில் எழும் ஆவியில் மரவள்ளி பூப்போல வெந்துவிடும். பாய்லர் வந்தபிறகு அந்தக் காட்டில் வயிற்றுவலி என்ற பேச்சே இல்லை.

ஆனால் புகை என்ற பேச்சு வந்தது. அதற்கும் காட்டுச் சபை ஆரம்பத்திலேயே ஒரு வழி செய்திருந்தது. ஒவ்வொரு புகைபோக்கியின் வாயிலும் ஒரு நார்ப்பை கட்ட வேண்டும். புகை அந்தப் பைக்குள் புகுந்துதான் வெளியே போக வேண்டும். கரியும் சாம்பலும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் நஞ்சும் பையிலேயே தங்கிவிடும். தையல்சிட்டு இரண்டு பாய்லருக்கும் அழகாகப் பை தைத்துக் கொடுத்தாள்.

நல்ல சட்டம். ஆனால் பையைச் சோதிக்கும் வேலையைத் தலைவர் மயிலாரிடம் கொடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

மயிலாருக்குச் சுத்தம் என்றால் உயிர். தோகையில் ஒரு தூசி விழுந்தால் அன்று முழுவதும் சாப்பிடமாட்டார். ஒவ்வொரு பௌர்ணமியன்றும் இரண்டு பைகளையும் இறக்கச் சொல்லிப் பார்ப்பார். எந்தப் பை வெள்ளையாக இருக்கிறதோ அதன் சொந்தக்காரருக்குத் தாமரை மாலை போடுவார். காடே ஆர்ப்பரிக்கும்.

மாலை ஒருமுறைகூடச் சிலம்பாயிக்குக் கிடைத்ததில்லை. அவள் காய்ந்த விறகைத் தவிர வேறெதையும் அடுப்பில் வைக்கமாட்டாள். சாயங்காலம் ஆனதும் பையை இறக்கி, குழியில் உதறி, மண்ணைப் போட்டு மூடுவாள். என்ன உதறி என்ன? பை கறுப்புத்தான். அதை உதறிய அவள் மூஞ்சியும் கறுப்புத்தான். “மாலையை வெச்சு நான் என்ன கிழங்கா அவிக்கப் போறேன்?” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடப் போய்விடுவாள்.

சுந்தரபாண்டியின் கதையே வேறு. காட்டோரச் சாலையில் மனிதர்கள் வீசிவிட்டுப் போன கிழிந்த டயர், பிளாஸ்டிக் பை, எண்ணெய் தோய்ந்த சாக்கு, எல்லாவற்றையும் இழுத்து வந்து அடுப்பில் போடுவான். யாராவது முகம் சுளித்தால் போதும், புகைபோக்கியின் உச்சியைக் காட்டுவான்.

“நான் எதை எரிச்சா உங்களுக்கு என்ன? என் பையைப் பாருங்க! பால் மாதிரி இருக்கு!”

பை உண்மையிலேயே பால் மாதிரிதான் இருந்தது. கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வருஷம் கோடையில் குளத்தங்கரை கெட்டுப்போயிற்று. இரண்டு பாய்லர்களுக்கும் பின்னால் ஒரே முட்புதர். அந்தப் புதருக்குள் இருந்து கறுத்த புகை கிளம்பி நாணலுக்குள் வந்து படுத்துக்கொண்டது. தவளைகளின் தோலில் கொப்புளம் கண்டது. தலைப்பிரட்டைகள் செத்து மிதந்தன. வெள்ளச்சி என்ற முயலின் கடைக்குட்டி இருமத் தொடங்கி, இருமலை நிறுத்தவே இல்லை.

சபை கூடியது. வெள்ளச்சிதான் முதலில் எழுந்தாள்.

“என் பிள்ளை மூச்சு விட முடியாமக் கிடக்குதய்யா! இந்தப் புகை யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!”

“இதில் தெரிய என்ன இருக்கிறது?” என்றார் மயிலார். “இரண்டு பையையும் கொண்டு வாருங்கள்!”

கொண்டு வந்து வைத்தார்கள். ஒன்று வெள்ளை. ஒன்று கறுப்பு. கூட்டம் கறுப்புப் பையைப் பார்த்தது. பிறகு சிலம்பாயியைப் பார்த்தது.

“பன்றிதானே! அது இருக்கிற இடம் எப்படி இருக்கும்?” என்று ஒரு குரங்கு சொல்லிற்று. பத்துப் பேர் சிரித்தார்கள்.

சுந்தரபாண்டி எழுந்து கைகளைக் குவித்தான். “ஐயா, அக்காவை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம், அவங்களுக்குச் சுத்தம்னா என்னன்னு தெரியாது. வளர்ந்த விதம் அப்படி!”

சிலம்பாயிக்கு வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. இந்தக் கூட்டத்தில் அவள் அவித்த கிழங்கைத் தின்னாத வாய் ஒன்றுகூடக் கிடையாது.

மயிலார் தீர்ப்புச் சொன்னார். “சிலம்பாயி! பொழுது சாய்வதற்குள் உன் அடுப்பை அணைத்துவிடு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரையை விட்டுப் போய்விடு. இனி நாணல்குளத்துக்குச் சுந்தரபாண்டியின் பாய்லர் ஒன்றே போதும்!”

சிலம்பாயி நேரே தன் அடுப்படிக்கு வந்தாள். பிள்ளைகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டன. தண்ணீர்க் குடத்தை எடுத்தவள், அதை நெருப்பில் ஊற்றாமல் அப்படியே நின்றாள்.

காய்ந்த விறகை எரிக்கிறேன், என் பை கறுத்துப்போகிறது. அவன் டயரை எரிக்கிறான், அவன் பை வெள்ளையாக இருக்கிறது. எங்கேயோ உதைக்கிறதே!

கிளையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தையல்சிட்டை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். “ஏண்டி சிட்டு, என் பையை எத்தனை தடவை தைச்சிருப்பே?”

“எங்கேக்கா எண்ணுறது? பொறி பட்டுப் பொத்தலாகும், நான் ஒட்டுப் போடுவேன். இதே வேலைதானே எனக்கு!”

“சுந்தரபாண்டி பையை?”

தையல்சிட்டு யோசித்தாள். அலகு மெல்லத் திறந்தது. “அக்கா... முத நாள் தைச்சதுதான். அப்புறம் அவன் என்னைக் கூப்பிடவே இல்லை. ஒரு பொத்தல்கூட விழலையே!”

சிலம்பாயி குடத்தைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்துப் பிள்ளைகளும் சிரித்தன. அந்தப் பைக்குள் புகையே போகவில்லை! போயிருந்தால் ஒரு பொட்டுக் கரியாவது இருக்கும். அந்தப் புகை வேறெங்கேயோ வழி பண்ணிக்கொண்டு போகிறது. எங்கே? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆண்டவன் பன்றிக்கு இவ்வளவு நீளமாக மூக்கைக் கொடுத்திருக்கிறான்!

விறுவிறுவென்று சபைக்குத் திரும்பிப் போனாள்.

“தலைவரே! நான் போறேன். ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. சுந்தரபாண்டி பாய்லரை நல்லா எரியவிட்டு, அந்த வெள்ளைப் பையை நீங்க எல்லாரும் சுத்தி நின்னு பார்க்கணும். நானும் கத்துக்கிறேன். போற இடத்திலயாவது சுத்தமாப் பொழைக்கிறேன்!”

மயிலாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “இப்போதாவது புத்தி வந்ததே! சுந்தரபாண்டி, நன்றாக எரிய விடு!”

சுந்தரபாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. பையை மறுபடி புகைபோக்கியின் வாயில் கட்டி, நாலு டயரை உள்ளே தள்ளி ஊதினான். நெருப்பு திகுதிகுவென்று பிடித்தது. கூட்டம் பாய்லருக்கு முன்னால் வந்து நின்றது. மயிலார் பக்கத்துப் பாறையில் ஏறி, பைக்கு அருகே தோகையை விரித்து அமர்ந்துகொண்டார். பை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு இழை புகைகூட வரவில்லை.

“பார்த்தாயா சிலம்பாயி!” என்று திரும்பினார் மயிலார். அங்கே சிலம்பாயியைக் காணோம்.

அவள் பின்னால் முட்புதருக்குள் புகுந்துவிட்டாள். முள் அவள் தோலை என்ன செய்யும்? மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு புகைநாற்றத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். சுந்தரபாண்டியின் புகைபோக்கிக்கு அடியில் கோவைக்கொடி அடர்ந்து கிடந்தது. ஆனால் கொடியில் பச்சை இலை ஒன்றுகூட இல்லை, எல்லாம் கருகியிருந்தது. மூக்கால் விலக்கினாள். புகைபோக்கியிலேயே பலாப்பழம் அளவுக்கு ஒரு ஓட்டை! அதன் வழியாகக் கறுப்புப் புகை குபுகுபுவென்று நாணலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சிலம்பாயிக்கு ரத்தம் கொதித்தது. வெள்ளச்சியின் பிள்ளையுடைய இருமல் அவள் காதில் கேட்டது. கத்திக் கூட்டத்தைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வேண்டாம். கூப்பிட்டால் “இந்த ஓட்டையைப் பன்றிதான் தோண்டியது” என்பான். அவன் வாய் அப்படி! அவன் வாயை அல்ல, அவன் பையைப் பேச வைக்க வேண்டும்.

குளத்தங்கரைச் சேறு பக்கத்திலேயே இருந்தது. சேற்றைப் பற்றிப் பன்றிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மூக்கால் வாரினாள், ஓட்டையில் அப்பினாள். மறுபடி வாரினாள், மறுபடி அப்பினாள். காலால் மிதித்து இறுக்கினாள். ஓட்டை மூடிக்கொண்டது. பிறகு சாவகாசமாக முன்பக்கம் வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள்.

முதலில் பை லேசாக அசைந்தது. பிறகு உப்பியது.

“அட, காத்து!” என்றது குரங்கு.

பையின் அடியில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. அது பரவியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை சாம்பல் நிறமாகி, சாம்பல் நிறம் கறுப்பாகி, பை முழுவதும் தார் பூசினாற்போல் ஆகிவிட்டது. டயர்ப் புகைக்கு அந்தப் பை எந்த மூலைக்கு? பொட்டென்று தையல் பிரிந்து, ஒரு கூடை கரி மயிலாரின் விரித்த தோகைமேல் கொட்டியது. மிச்சப் புகை போக வழியில்லாமல் அடுப்பு வாய் வழியாகத் திரும்பி, சுந்தரபாண்டியின் முகத்தில் வந்து மோதியது.

பாவம், தன் புகையைத் தானே குடித்துப் பார்த்தது அவனுக்கு அன்றுதான் முதல் தடவை. கண்ணில் நீர் கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

“ஐயோ! செத்தேன்! யாருடா பின்னாடி ஓட்டையை அடைச்சது? திறந்து விடுங்கடா!”

கூட்டம் முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. பிறகு வெள்ளச்சி மெதுவாகக் கேட்டாள். “எந்த ஓட்டை?”

சுந்தரபாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நான் சொல்றேன்!” என்றாள் சிலம்பாயி. “எல்லாரும் பின்னாடி போய்ப் பாருங்க. அவன் புகை பைக்குள்ள போனதே இல்லை. உங்க வீட்டுக்குள்ளதான் போயிருக்கு. பைக்கு வேலை கொடுத்தவ நான், அதனாலதான் என் பை கறுப்பு. பையைச் சும்மா தொங்கவிட்டவன் அவன். அதுக்கு இத்தனை நாளா நீங்க மாலை போட்டீங்க!”

வெள்ளச்சி அவள் காலடியில் வந்து நின்றாள். “அக்கா, உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே!”

“பிள்ளை இருமினா தாய்க்குக் கண்ணு தெரியாது. விடு!” என்றாள் சிலம்பாயி. சொல்லிவிட்டு மயிலாரைப் பார்த்தாள். “தலைவரே, பொழுது சாயப் போகுது. நான் போகணுமா?”

மயிலார் தோகையை உதறினார். கரி போகவில்லை. “போவதாவது! நீ இல்லாமல் இந்தக் குளத்துக்கு மூச்சு ஏது? சொல் சிலம்பாயி, இனிமேல் நான் எதைப் பார்க்க வேண்டும்?”

“பையோட நிறத்தைப் பார்க்காதீங்க. பையை உதறினா என்ன விழுதுன்னு பாருங்க. அடுப்புல என்ன போடுறாங்கன்னு பாருங்க. அப்புறம் ஒரு நடை பின்பக்கமும் போய்ப் பாருங்க!”

அன்றே சபை கூடிச் சட்டத்தைத் திருத்தியது. தாமரை மாலை ஒழிந்தது. டயரும் பிளாஸ்டிக்கும் காட்டு எல்லைக்குள் வரவே கூடாது என்று ஆயிற்று. சுந்தரபாண்டி தன் அடுப்பைத் தானே அணைத்து, ஓட்டையைக் கல் வைத்து அடைத்தான். தையல்சிட்டு தைத்த புதுப்பையைக் கட்டி, காய்ந்த விறகு மட்டும் எரிக்க ஒப்புக்கொண்டான். ஒவ்வொரு சாயங்காலமும் வெள்ளச்சி முன்னால் வந்து நிற்க, அவன் பையை இறக்கி உதற வேண்டும். முதல் நாள் உதறிவிட்டு நிமிர்ந்தபோது அவன் மூஞ்சியும் சிலம்பாயியின் மூஞ்சியைப் போலவே கறுத்திருந்தது. நாணலில் காற்று தெளிந்தது. வெள்ளச்சியின் கடைக்குட்டி இருமாமல் தூங்கியது.

அழுக்கைப் பிடித்து நிறுத்துகிறவர் கை அழுக்காகத்தான் இருக்கும்; ஆகவே ஒருவரின் வெள்ளையைப் பார்த்து மாலை போடுவதற்கு முன், அவருடைய அழுக்கு யார் வீட்டுக்குப் போகிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.