கரைமேல் வைத்த வெள்ளைக் கல்

காட்டோடையின் குறுக்கே ஒரு நீர்நாய் மண்கரை போட்டது. பெரிய வேலைக்கு ஒன்றுமில்லை, குட்டிகள் தண்ணீரில் விளையாடத்தான். களிமண்ணை மிதித்து, கோரைப்புல்லைத் திணித்து, ஒரு மான் தாண்டிப் போகிற உயரத்துக்குக் கட்டி முடித்தது.

அந்தக் காட்டில் யார் கரை போட்டாலும் ஆமை வந்து பார்க்கும். உடைந்தால் உயிர் போகும் என்றால் கரைமேல் சிவப்புக் கல். இல்லையென்றால் வெள்ளைக் கல். ஆமை கரைக்குக் கீழே எட்டிப் பார்த்தது. வெறும் கூழாங்கல்தான்.

"உடைஞ்சாலும் இங்கே யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்று வெள்ளைக் கல்லை வைத்துவிட்டுப் போனது.

கோடை வந்தது. குட்டிகள் கரையிலிருந்து சறுக்கி விழுந்து கும்மாளம் போட்டன. கடைக்குட்டிக்கு மட்டும் இன்னும் நீச்சல் வரவில்லை. அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டே மிதக்கும்.

ஆள்காட்டிக் குருவியை உங்களுக்குத் தெரியும்தானே? இலை அசைந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். அதன் கூப்பாட்டை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த ஆள்காட்டி ஒருநாள் சத்தமே போடாமல் வந்து நின்றது.

"நீர்நாயக்கா, கரைக்குக் கீழே முட்டை வச்சிருக்கேன். பக்கத்து மணல் ஈரமாகுது."

"இவ்வளவு பெரிய காட்டுல உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று நீர்நாய் எரிந்து விழுந்தது. "கீழே யாரும் இல்லைன்னுதானே ஆமையண்ணன் வெள்ளைக் கல் வச்சார்?"

"வெள்ளைக் கல்லைப் பார்த்துதானே அக்கா நான் வந்தேன்" என்றது ஆள்காட்டி.

நீர்நாய் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தது. கரையின் அடியில் நண்டு வளை போட்டிருந்தது. அதன் வழியே தண்ணீர் கசிந்தது. மலைமேல் மேகம் கறுத்துக் கிடந்தது.

"முட்டை எங்கே?"

"மிதிச்சிடாதீங்க அக்கா. காலடியிலதான் இருக்கு."

நான்கும் கூழாங்கல் மாதிரியே இருந்தன. நீர்நாய் மூக்கால் ஒன்றைத் தொட்டது. சூடாக இருந்தது. அதுவும் பெற்றவள்தானே, மனசு கேட்கவில்லை.

கரையின் ஓரத்தைத் தோண்டி, தண்ணீரைப் பக்கத்துப் பள்ளத்துக்குத் திருப்பியது. குளம் இறங்கத் தொடங்கியது. கடைக்குட்டி அழுதது.

"அம்மா, நான் எப்போ நீச்சல் கத்துக்கிறது?"

"குளத்தை அம்மா திரும்பக் கட்டிடுவேன்டா கண்ணு. உடைஞ்ச முட்டையை ஒட்ட வைக்க அம்மாவால ஆகாது."

சாயங்காலம் மழை கொட்டியது. வெள்ளத்தில் பெரும்பகுதி பள்ளத்தில் இறங்கிப் போனது. ஆனாலும் நண்டு வளை இருந்த இடத்தில் கரை பிளந்தது. மிச்சமிருந்த கொஞ்சம் தண்ணீர் ஓடிவந்து, முட்டைகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஆள்காட்டியின் காலை நனைத்துவிட்டுப் போனது. மழை விட்டதும் ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. "எல்லாரும் இருக்கோம்! எல்லாரும் இருக்கோம்!" நீர்நாய் குட்டிகளோடு ஓடிவந்து அதைக் கேட்டு அழுதது.

நீர்நாய் சொன்னபடியே கரையைத் திரும்பக் கட்டியது. ஆமை மறுபடி வந்தது, கையில் அதே வெள்ளைக் கல்லோடு.

"சிவப்பு வைங்க அண்ணே" என்றது நீர்நாய்.

"எதுக்கு? கரை முன்னைவிடப் பலமா இருக்கு. கீழேயும் வெறும் கூழாங்கல்தான்."

"நல்லாப் பாருங்க."

ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஒரு கூழாங்கல் எழுந்து, சின்னஞ்சிறு கால்களால் குடுகுடுவென்று அம்மாவிடம் ஓடியது. பின்னாலேயே இன்னும் மூன்று ஓடின. ஆமை சிவப்புக் கல் தேடப் போனது.

நாம் கட்டியது எவ்வளவு சின்னது என்று பார்த்தால் போதாது. அதன் கீழே இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று இறங்கிப் பார்க்க வேண்டும்.