முன்வரிசை நாற்காலிகள்

தைவானின் கடலோர ஊர் ஒன்றில், பேய் மாதம் பிறந்தால் செத்துப்போனவர்களுக்காகக் கோயில் வாசலில் கூத்து நடக்கும். முன்வரிசை நாற்காலிகள் அவர்களுக்குத்தான். உயிரோடிருக்கிறவர் எவரும் அதில் உட்காரமாட்டார்.

அந்த வருஷம் முதுகில் கைக்குழந்தையோடு பொம்மைக்கூத்து ஆட வந்தவள் சூயின். கூத்து வைத்தவர் ஆலை முதலாளி லிம்.

"பேயாவது பிசாசாவது! படம் எடுக்க ஆள் வரான். முன்வரிசை நிறையணும். இல்லேன்னா உன் பொம்மைப் பெட்டி எனக்கு!" என்று கத்தினார் லிம்.

பெட்டி போனால் பிள்ளைக்குப் பால் ஏது? சூயின் கும்பிட்டாள்.

"நிறைஞ்சுதானே இருக்கு ஐயா? கூத்து யாருக்கோ, அவங்க வந்தாச்சு."

"யாரை ஏமாத்தறே? அத்தனையும் காலி!"

"அப்படீங்களா? அப்ப நீங்க ஒண்ணுல உட்காருங்க. பெட்டியை நானே தூக்கித் தரேன்."

ஊரே பார்த்தது. லிம் விறுவிறுவென்று போய் ஒரு நாற்காலியைத் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்னங்க ஐயா, இடமில்லையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கூத்து முடியும்வரை லிம் நின்றுகொண்டேதான் பார்த்தார். அதுவும் ஓரமாக, முன்வரிசைக்கு மறைக்காமல்.