சம்மதம் வாங்கிய சீடர்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் மருதவாணன் என்ற சீடரிடம்தான் உக்கிராண அறைச் சாவி இருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அவர் அளந்து கொடுத்தால்தான் உண்டு.

ஒருநாள் அவர் குருவிடம் வந்தார்.

"சாமி, சடையாண்டியை மடத்தை விட்டு அனுப்பப் போறேன்."

"ஏன்?"

"ராத்திரிக்குக் கஞ்சி போதும்னேன். 'அதைச் சொல்ல நீங்க யாரு'ன்னு கேக்குறான்."

"கேட்டா என்ன?"

"நான் அடாவடியா அனுப்பலை சாமி. முந்நூறு வருசத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ஒரு தத்துவவாதி எழுதியிருக்கார், ஆளப்படுறவங்க சம்மதிச்சாத்தான் அது ஆட்சின்னு. இன்னைக்கு ஓட்டுப் போடுற நாடெல்லாம் அவர் பேச்சைத்தான் பேசுது. நானும் எல்லார்கிட்டயும் சம்மதம் கேட்டேன். ஒருத்தரும் மறுக்கலை."

"எப்பக் கேட்டே?"

"மத்தியானம். சாப்பிடுறப்ப."

இலை முன்னால் உட்கார்ந்தால் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். மருதவாணனுக்குத் தெரியாதா? தெரியும். பசியில் மறந்துவிட்டார் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

"வா" என்றார் குரு.

முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். சடையாண்டி துணி மூட்டையோடு ஓரமாக நின்றான். போவதற்கு அவனுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை.

"இப்பக் கேளு."

மருதவாணன் கேட்டார். இப்போதும் யாரும் பேசவில்லை.

"பாத்தீங்களா சாமி?"

குரு அவர் இடுப்பிலிருந்த சாவியை உருவினார். நடுமுற்றத்தில், தரையில் வைத்தார்.

"இன்னொரு தரம் கேளு."

கேட்டார்.

"அவன் போக வேண்டாம்" என்றது ஒரு குரல்.

"கேட்டதுல என்ன தப்பு?" என்றது இன்னொன்று.

"அந்தக் கஞ்சியில உப்பாவது போடுங்கண்ணே!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சடையாண்டி மூட்டையைக் கீழே வைத்தான்.

மருதவாணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சாவியை எடுக்கக் குனிந்தார்.

"அது அங்கேயே கிடக்கட்டும்" என்றார் கூட்டத்தில் மூத்த சீடர். "இனி யார் வச்சுக்கிறதுன்னு நாங்க பேசி முடிவு பண்றோம்."

மருதவாணன் குருவிடம் திரும்பினார். "இது என்ன அநியாயம் சாமி? அந்தத் தத்துவவாதி இதைப் பாத்தா என்ன சொல்லுவார்?"

"இதுவும் அவர் எழுதினதுதான் மருதா, ஆளுறவன் தப்பா நடந்தா கொடுத்த அதிகாரத்தை ஜனங்க திரும்ப எடுத்துக்கலாம்னு. கடைசி அத்தியாயம் வரைக்கும் நீ படிக்கலையா?"