அர்காதியின் பூனைகள்

ஞானதுரை ஒரு தொழிற்சாலையில் ரஷ்ய இயந்திரங்களின் கையேடுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர். கையேடுகளில் யாரும் பெருமூச்சு விடுவதில்லை. யாரும் யாரையும் திட்டுவதில்லை. அந்தக் குறை தீர அவர் வீட்டில் உட்கார்ந்து ரஷ்ய மரபுத்தொடர்களைப் படித்தார். ஒருவன் நம்மை ஏமாற்றினால் 'காதில் நூடுல்ஸ் தொங்கவிட்டான்' என்பார்கள் ரஷ்யர்கள். அந்த இடத்தில் ஆங்கிலேயர் என்ன சொல்வார்கள் என்று கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் ஞானதுரை சொல்லிவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு மொழிபெயர்ப்பு வேலை பழக வந்தார். ரஷ்யாவிலிருந்து அங்கே இதய சிகிச்சைக்கு நோயாளிகள் வருவார்கள். அவருக்குக் கற்றுக்கொடுக்க அமைந்தவர் நிலோஃபர். தாஷ்கண்டில் ரஷ்ய மொழியில் படித்துத் திரும்பியவர். ஞானதுரையின் மகள் வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார்.

வந்த புதிதில் ஞானதுரை கேட்டார்.

"மேடம், ஒரு தொடருக்குச் சரியான இங்கிலீஷ் எதுன்னு நீங்க எப்படி முடிவு பண்றீங்க?"

"நீங்க எப்படிப் பண்றீங்க, சார்?"

"ஒரு இங்கிலீஷ்காரன் அந்த இடத்துல என்ன சொல்வானோ, அதைச் சொல்லிடறேன்."

நிலோஃபர் தலையாட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் அர்காதி என்ற நோயாளிக்கு இதய வால்வு மாற்ற நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் காலையில் அறுவை நிபுணர் டாக்டர் சுமித்ரா ராவ் அவரைப் பார்க்க வந்தார். ஹைதராபாத்காரர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். நிலோஃபருக்கு வேறு மாடியில் வேலை இருந்ததால் ஞானதுரை தனியாக நின்றார்.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆன்மாவைப் பூனைகள் பிறாண்டுகின்றன" என்றார் அர்காதி ரஷ்ய மொழியில்.

மனசு நிம்மதியில்லாமல் தவிக்கும்போது ரஷ்யர்கள் சொல்வது அது. ஞானதுரைக்கு உள்ளூரச் சந்தோஷம். எத்தனையோ வருடம் புத்தகத்தில் படித்த தொடரை ஒரு மனிதர் வாயால் இப்போதுதான் கேட்கிறார். பூனை என்று அப்படியே சொன்னால் டாக்டர் சிரித்துவிடுவார். அதனால், ஆங்கிலேயர் சொல்வதுபோல, "இவருடைய இதயம் கனமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

டாக்டர் உடனே ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.

"எப்போதிலிருந்து? இடது கையிலும் கனம் தெரிகிறதா?"

ஞானதுரை கேட்டுச் சொன்னார். அர்காதி குழப்பத்தோடு இடது தோளைத் தடவிக்கொண்டார். சூட்கேஸ் தூக்கியதிலிருந்து அங்கே கொஞ்சம் வலிக்கிறது என்றார்.

அவ்வளவுதான். ஈசிஜி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எக்கோ மறுபடி எடுத்தார்கள். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. ஞானதுரை டாக்டரின் பின்னாலேயே ஓடினார்.

"டாக்டர், அது வெறும் பேச்சு வழக்கு."

"இதய நோயாளி ஒருவர் இதயம் கனமாக இருக்கிறது என்கிறார். அதைப் பேச்சு வழக்கு என்று நான் விட்டுவிட முடியாது."

மாலைக்குள் எல்லா முடிவுகளும் வந்தன. புதிதாக எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் அர்காதி நம்பவில்லை.

"எதையோ மறைக்கிறீர்கள். இல்லையென்றால் எதற்கு இத்தனை சோதனை? நாங்கள் ஊருக்குப் போகிறோம்."

அவருடைய மனைவி தமாரா அழுதுகொண்டே துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். வால்வை மாற்றாமல் போனால் வரும் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்றார் டாக்டர். ஞானதுரை அதையும் மொழிபெயர்த்தார். அர்காதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞானதுரை மாடியேறிப் போய் நிலோஃபரைக் கண்டுபிடித்து நடந்ததைச் சொன்னார்.

"நான் சொன்ன இங்கிலீஷ் தப்பா, மேடம்?"

"இல்ல, சார். நல்ல இங்கிலீஷ்."

"பின்ன என்ன சொல்லியிருக்கணும்?"

நிலோஃபர் கையிலிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க."

அறையில் டாக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். நிலோஃபர் ஒரு நாற்காலியை இழுத்து, கட்டிலின் மறுபக்கம், அர்காதியின் முகம் தெரியும் இடத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அர்காதி, அந்தப் பூனைகள் எதைப் பற்றிப் பிறாண்டுகின்றன?"

தமாரா மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு அப்படியே நின்றாள். நிலோஃபர் மறுபடி கேட்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அர்காதி சொன்னார்.

"அம்மாவைப் பற்றி. எனக்கு ஆபரேஷன் என்று அவளுக்குத் தெரியாது. இந்தியாவில் கடற்கரையில் ஓய்வெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியனுப்பும்போது எனக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தாள், வெயில் படக் கூடாது என்று. நான் இங்கேயே செத்துப்போனால் அவளிடம் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்."

நிலோஃபர் டாக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு முன்னால் இவர் தன் அம்மாவிடம் பேச வேண்டும். பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்."

டாக்டர் கையிலிருந்த ரிப்போர்ட்டுகளைக் கீழே வைத்தார். அர்காதியைப் பார்த்தார்.

"இப்போதே பேசட்டும்."

தமாரா போன் போட்டாள். அர்காதி ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரித் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். மறுமுனையிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தெரியும். உனக்குத் தண்ணீர் என்றாலே பயம். நீயாவது கடலுக்குப் போவதாவது. நீயாகச் சொல்வாய் என்றுதான் சும்மா இருந்தேன். டாக்டர் எப்படி?"

அர்காதி டாக்டர் சுமித்ராவைப் பார்த்தார்.

"கண்டிப்பானவர்."

"அப்படியானால் சரி. அவர் சொல்கிறபடி கேள்."

அர்காதி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமாரா சூட்கேஸிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள்.

வெளியே வந்ததும் ஞானதுரை கேட்டார்.

"பூனையை நீங்க மொழிபெயர்க்கவே இல்லையே, மேடம்?"

"அவரோட பூனைக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியல, சார். அதான் அவர்கிட்டயே கேட்டேன்."



அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு மறுநாள் காலை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தமாரா காத்திருந்தாள். ஞானதுரை அவளுக்குத் துணையாக நின்றார். நிலோஃபர் சற்றுத் தள்ளி, சுவரோரமாக நின்றார். கதவைத் திறந்துகொண்டு டாக்டர் சுமித்ரா வெளியே வந்தார்.

"காட்டைத் தாண்டி வந்துவிட்டார்" என்றார் ஆங்கிலத்தில்.

ஆங்கிலேயர் அபாயம் நீங்கியதை அப்படிச் சொல்வார்கள். அதற்கு நேரான ரஷ்யத் தொடர்கள் வரிசையாக ஞானதுரையின் நாக்கு நுனிக்கு வந்தன. அவர் தமாராவைப் பார்த்தார். அவள் உதடுகள் வெளுத்திருந்தன. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், அவர் கண் விழித்துவிட்டாரா? இவர் உள்ளே போய்ப் பார்க்கலாமா?"

"விழித்துவிட்டார். மூச்சுவிட வைத்திருந்த குழாயை எடுத்தாயிற்று. மனைவி எங்கே என்று சைகையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்."

ஞானதுரை ரஷ்ய மொழியில் சொன்னார்.

"விழித்துவிட்டார். தானாக மூச்சுவிடுகிறார். உங்களைத்தான் தேடுகிறார். உள்ளே போகலாம்."

தமாரா டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ரஷ்ய மொழியில் கடகடவென்று என்னவோ சொன்னாள். டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொன்னார். ஞானதுரை மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். இருவரும் காத்திருக்கவில்லை. கையை விடாமலே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஞானதுரை சற்று நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிலோஃபரிடம் வந்தார்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் நின்னேன், மேடம். கடைசியில ரெண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

"நல்லாப் பண்ணியிருக்கீங்க, சார்."