கழுவாத பஞ்சு

கொளத்தூர் வண்ண மீன் கடைத் தெருவில் பவுலினுக்கு வாத்தியார் என்று பட்டப்பெயர். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் தொட்டியைப் பற்றிப் பாடம் எடுக்காமல், தண்ணீரைச் சோதிக்காமல் ஒரு குஞ்சு மீனைக்கூட விற்க மாட்டாள். அவசரக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். ஆளவந்தார் போகவில்லை. அவளைவிட இருபது வயது மூத்த அந்த மனுஷர் ஒரு மாதமாக அவளுக்குச் சீடர்.

அன்று அவர் பாட்டிலில் கொண்டுவந்த தொட்டித் தண்ணீரில் பவுலின் சோதனை மருந்தைச் சொட்டினாள். தண்ணீர் பச்சையாக மாறியது.

“தண்ணி இன்னும் பக்குவம் ஆகல சார். இதுல மீன் விட்டா செத்துப்போயிடும்.”

“இருபத்தஞ்சு நாள் ஆச்சும்மா. நீ சொன்ன மாதிரி, மீன் இல்லாட்டியும் தினம் ஒரு சிட்டிகை தீனி போடறேன். மோட்டார் ஓடிக்கிட்டேதான் இருக்கு.” அவர் குரல் இறங்கியது. “பாப்பா வாயைத் திறந்து கேட்டது மீன் ஒண்ணுதான்.”

பாப்பா என்றால் தேன்மொழி. ஏழு வயது. ஆளவந்தாரும் அவர் மனைவியும் ஆறு வருடம் காத்திருந்து, போன மாதம்தான் காப்பகத்திலிருந்து அவளை மகளாக அழைத்து வந்திருந்தார்கள். கேட்டால் தலையாட்டுவாள். வைத்ததைச் சாப்பிடுவாள். அவரை இதுவரை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஏங்கிக் கிடந்தார்.

“வேற என்ன செய்றீங்க?” என்றாள் பவுலின்.

“சுத்தமா வெச்சிருக்கேன். வேலை முடிஞ்சு வந்ததும் கண்ணாடியைத் தேய்ச்சிடுவேன். ஃபில்டர் பஞ்சை எடுத்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல போட்டு...”

“தினமுமா?”

“தினமும்.”

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்திகளுக்குக் கிருமி நீக்குவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவர் கையில் சிக்கினால் ஒன்றும் தப்பாது.

பவுலின் சிரிக்கவில்லை. பின்பக்கம் போய், தன் பழைய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சை உருவினாள். பழுப்பேறி, வழுவழுவென்று இருந்தது. அந்தத் தொட்டித் தண்ணீரோடு அதைக் கவரில் போட்டு நீட்டினாள்.

“இதை உங்க பஞ்சுக்குப் பக்கத்துல வைங்க.”

அவர் இரண்டு விரலால் கவரைப் பிடித்தார். “நாத்தம் அடிக்குதேம்மா.”

“மீனோட அழுக்கைத் தின்னு தண்ணியை நல்லதாக்குற கிருமி இதுலதான் குடியிருக்கு. அதைத்தான் நீங்க தினம் கொதிக்க வெச்சுக் கொன்னுட்டிருக்கீங்க.”

“கிருமின்னா எனக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும்.”

“கழுவிடாதீங்க சார்.”

ஆளவந்தார் கிளம்பவில்லை. கவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாப்பா வரும்போது ஒரு போர்வை கொண்டு வந்தா. பழசு. ஒரே வாடை. அங்க காப்பகத்துல கோகிலான்னு ஒரு பொண்ணு, ரெண்டு பேரும் அந்தப் போர்வையிலதான் படுப்பாங்களாம். வந்த அன்னைக்கே அதை வெந்நீர்ல போட்டு, மருந்து ஊத்தி, வெள்ளை வெளேர்னு துவைச்சுக் குடுத்தேன்.”

“அப்புறம்?”

“மோந்து பாத்தா. மடிச்சு வெச்சுட்டா. அதுக்கப்புறம் தொடவே இல்ல.”

பவுலின் கவரை வாங்கி, ஒழுகாமல் இன்னொரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மறுபடி வந்தார். கையில் தண்ணீர் பாட்டில். பின்னால் தேன்மொழி. அவள் தோளிலிருந்த போர்வை தெருச் சேற்றைத் துடைத்துக்கொண்டே வந்தது. மீன் கடைக்குள்ளேயே அதன் வாடை தனியாகத் தெரிந்தது.

“பத்து நாள் கோகிலாகிட்ட போத்திக்கக் குடுத்து வெச்சிருந்தோம்,” என்றார் ஆளவந்தார். “துவைக்காம வாங்கிட்டு வந்தேன்.”

தேன்மொழி ஒரு தொட்டியில் மூக்கை அழுத்தி மீன்களைப் பார்த்தாள். பிறகு பவுலினிடம் புகார் சொன்னாள்.

“எங்க தொட்டி கண்ணாடியெல்லாம் பாசியா இருக்குக்கா. அப்பா தேய்க்கவே மாட்டேங்கிறாரு.”

ஆளவந்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் பெரிதாக முயலவும் இல்லை.

பவுலின் வலையை எடுத்தாள். “எந்த மீன் வேணும், காட்டு.”

அவர் அவசரமாகப் பாட்டிலை நீட்டினார். “தண்ணியைப் பாக்க வேணாமா?”

பவுலின் குனிந்து, தரையில் கிடந்த போர்வை நுனியைத் தூக்கிக் குழந்தையின் தோளில் போட்டாள்.

“பாத்துட்டேன் சார்.”