மண்டபத்தின் மேல் ஒரு வில்லங்கம்

திண்டுக்கல்லில் தனுஷ்கோடி என்ற பணக்காரருக்குச் சூசை மேஸ்திரி கல்யாண மண்டபம் கட்டிக் கொடுத்தார். வேலை முடிந்தும் கூலி பாக்கி வரவில்லை. சித்தாள் ரோஸம்மா தன் பங்கை வாங்கித்தான் மகளை நர்ஸிங் சேர்க்க இருந்தாள். அவளுக்காகவும் சேர்த்து, சூசை ஒரு வருஷம் அந்த வாசலில் கைகட்டி நின்றார்.

ஒருநாள் தனுஷ்கோடி சீறினார். "பணமெல்லாம் கிடையாது. முடிஞ்சா நீ கட்டினதைத் தூக்கிட்டுப் போடா!"

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு சூசை நேராக வக்கீலிடம் போனார். பாக்கி தீரும்வரை மண்டபத்தை விற்க முடியாதபடி கோர்ட்டில் ஜப்தி உத்தரவு வாங்கி, பத்திர ஆபீசிலும் பதிய வைத்தார்.

சில மாதம் கழித்து தனுஷ்கோடி மண்டபத்தை விற்கப் போனார். வாங்க வந்தவர் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டுத் தயங்கினார். சூசைக்கு ஆள் போனது.

"என் மண்டபத்துல உனக்கென்னடா உரிமை?"

"நீங்கதானேங்கய்யா தூக்கிட்டுப் போகச் சொன்னீங்க? என்னால தூக்க முடியல. அதான், நீங்களும் யாருக்கும் தூக்கிக் கொடுக்காம இருக்கப் பிடிச்சு வச்சிருக்கேன்."

வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். "கூலி கொடுக்காத கட்டடமா? முதல்ல அதைத் தீர்த்துட்டு வாங்க."

அன்றே பணம் வந்தது. சூசை ரோஸம்மா வீட்டுக்கு ஓடினார்.

"பொண்ணைக் கூப்பிடும்மா. இந்த வருஷமே சேர்த்துரலாம்."

"இனி எங்கண்ணே? வீட்ல வச்சிருக்க வழியில்லாம, போன தையில கட்டிக் கொடுத்துட்டேன்."

சூசை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கோர்ட்டு அப்பவும் இருந்துச்சேம்மா. நான்தான் அந்தாளு வாசல்ல நின்னுட்டேன்."